தமயந்தி கற்ற ஆங்கிலம்

ஆந்திர எல்லையோரப் பள்ளிப்பட்டிலிருந்து பெண் பார்க்க வந்த பிரேம்குமாருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். சென்னைக்கு வேலைக்குப் போய் நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் கே.ஜி.கண்டிகையில் கஜபதி வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததுமே அது அவனுக்கு மறந்துபோய்விட்டது. கேசரியில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, கஜபதியின் மகள் தமயந்தியிடம் கேட்டான்:

"வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்வர்டு டு?"

ஊர்ப் பால் சங்கத்தில் ஏழு வருஷமாகக் கொழுப்பு அளந்து பதிகிறவள் தமயந்தி. லுக்கிங் என்றால் பார்ப்பது, ஃபார்வர்டு என்றால் முன்னால். முன்னால் எதைப் பார்க்கிறாய் என்கிறான் போலிருக்கிறது என்று எண்ணி, "உங்களத்தாங்க" என்றாள்.

பிரேம்குமார் தன் அம்மா நிர்மலாவின் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"எதுக்கு ஆசையா காத்துகினு இருக்கேன்னு கேட்டாம்மா. அவ்ளோ அவசரமா உனுக்கு?" என்றாள் நிர்மலா.

கேலி முழுதாகப் புரியாமலே கஜபதியும் கூடச் சிரித்தார். தமயந்திக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் பால்காரர்கள் வரிசை கலைந்ததும் போனில் தேடினாள். வரப்போகிற ஒன்றை நினைத்து இப்போதே மகிழ்வது, அவ்வளவுதான் அர்த்தம். அதன்பின் வினைச்சொல் வந்தால் 'இங்' சேர்க்க வேண்டும், நிறையப் பேர் அங்கேதான் தப்பு செய்கிறார்கள் என்றும் போட்டிருந்தது. பத்து நிமிஷத்துப் படிப்பு. இதை வைத்துக்கொண்டா அத்தனை மிதப்பு என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் பிரேம்குமாரிடமிருந்து செய்தி வந்தது. பெண் பிடித்திருக்கிறதாம். கல்யாணத்துக்கு முன் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரவேண்டுமாம். ஆபீஸ் நண்பர்கள் எதிரில் அவனுக்குத் தலைகுனிவு வரக்கூடாதாம். கடைசி வரி: "ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ."

ஹியர். 'இங்' இல்லை. தமயந்திக்குச் சிரிப்புகூட வரவில்லை. சோற்றில் அகப்பட்ட கல்லைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: "ஐ ஆம் நாட் லுக்கிங் ஃபார்வர்டு டு மேரியிங் யூ."

உடனே பதில் வந்தது, தமிழில்: "யார் எழுதிக் குடுத்தது?"

நம்பரைத் தடை செய்துவிட்டு உள்ளே போய் அப்பாவிடம் சொன்னாள். கஜபதிக்கு முகம் கறுத்தது.

"நல்ல எடம்மா. இன்னா கொற அவனுக்கு?"

"அவனோட இருக்கப்போறத நெனச்சா மனசுல துளி சந்தோஷம் வரல நைனா. என்னக் கேலி பண்ணாங்க, நீயும் கூடவே சிரிச்சே."

கஜபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிர்மலாவுக்குப் போன் செய்தார். "எங்க பொண்ணுக்கு இஷ்டமில்லீங்க" என்றார். மறுமுனையின் கூச்சலை முழுவதுமாகக் கேட்டுவிட்டு வைத்தார்.

"இன்னா சொல்லுச்சு அந்தம்மா?"

"தெலுங்குல திட்டுச்சு. ஒரு வார்த்த விடாம எனுக்குப் புரிஞ்சிது" என்றார். "போய் சோத்தப் போடு."