சங்கு ஊதிய சனிக்கிழமை

ஜீவராணிக்கு மழையைக் கண்டாலும் பயம், வெயிலைக் கண்டாலும் பயம். மழை பெய்தால் மண் ஊறுமாம். வெயில் அடித்தால் ஊறின மண் வெடிக்குமாம். இரண்டும் இல்லாமல் பனிமூட்டமாக இருக்கிற நாளில், மலை என்ன செய்கிறதென்று கண்ணுக்குத் தெரியவில்லையே என்று இன்னொரு பயம். பயப்படக் காரணம் தேடுவதில் அவளை மிஞ்ச உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஆனால் அவளைப் பார்த்துச் சிரிக்கிற யாரும் போன கார்த்திகையில் அவளுடைய தேயிலைத் தோட்டத்தில் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கார்த்திகையில்தான், தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், வரிசை வீடுகளான லயத்தின் மேல் மலை சரிந்து இறங்கியது. ஜீவராணியோடு சேர்ந்து கொழுந்து பறித்த வீரம்மா தப்பி வெளியே ஓடி வந்துவிட்டாள். வந்தவள், மகனைக் காணோமென்று திரும்பவும் தன் வீட்டுக் காம்பராவுக்குள் ஓடினாள். மகனோ பின்பக்கமாக எப்போதோ வெளியேறி, கோயிலடியில் நின்றுகொண்டிருந்தான். வீரம்மாவைத் தோண்டி எடுக்கத்தான் முடிந்தது.

அதற்குப் பிறகு கீழ்க்கணக்கு கோயில் கூரையில் ஒரு சங்கு பொருத்தினார்கள். பூசைச் சங்கு இல்லை. மழை அளவு மீறினால் மலை முழுக்கக் கேட்கும்படி அலறுகிற கருவி. தோட்டத் தலைவர் சிவசாமி கூடவே ஒரு சட்டமும் போட்டார். சங்கு ஊதினால் பக்கத்தில் யார் இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பந்தடிக்கிற மைதானத்துக்கு ஓட வேண்டும். தன் பிள்ளை, தன் புருஷன் என்று தேடிக்கொண்டு ஒருவரும் திரும்பக் கூடாது. உங்கள் பிள்ளையின் கையை வேறு யாராவது பிடித்திருப்பார்கள் என்று நம்பி ஓட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இதை ஓடிப் பழகவும் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் மைதானத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவள் ஜீவராணி.

இப்போது அவளுக்குப் புதிதாக ஒரு பயம் வந்திருந்தது. மகள் ஜெயந்தினி உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் நல்லபடியாகத் தேறிவிட்டாள். தேறினவள், எங்கேயோ வடக்கே, ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய தூரத்தில் இருக்கிற சின்னதொரு விஞ்ஞான, பொறியியல் பல்கலைக்கழகத்துக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பக்கத்திலேயே கல்வியியற் கல்லூரி இருக்கிறது, படித்து டீச்சரானால் சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம், கண்முன்னால் இருப்பாள் என்பது தாயின் கணக்கு. கொழும்பில் கடையொன்றில் ரொட்டி போடுகிற தகப்பன், "அம்மா சொல்றதுதான்" என்று போனிலேயே கைகழுவிவிட்டான். ஆக, ஜெயந்தினி போவதும் போகாததும் ஜீவராணியின் வாயில் இருந்தது. அந்த வாய் இதுவரை 'அனுப்ப மாட்டேன்' என்பதைத் தவிர வேறெதையும் சொல்லியிருக்கவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்துக்காரர்களே தோட்டப் பாடசாலைக்கு வந்து, சேர விரும்பும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் விளக்கம் சொல்லப் போகிறார்கள் என்று பாடசாலை அதிபர் கணேசமூர்த்தி ஆளனுப்பியிருந்தார். சனிக்கிழமை. ஜீவராணி கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல், நல்ல சேலை உடுத்தி, மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். கேட்பதற்காகப் போனாள் என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டாம் என்பதற்கு இன்னும் இரண்டு காரணம் அகப்படும் என்றுதான் போனாள்.

வந்தவர்கள் இரண்டு பேர். விரிவுரையாளர் குகநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். மாணவி ஷாமிலா பூண்டுலோயாத் தோட்டத்துப் பிள்ளை. திரையில் படம் காட்டிக் காட்டி அவர் பேசினார்.

"எங்கட கம்பஸ் சின்னன். அதுதான் அதில நல்ல விசயம். எல்லாப் பிள்ளையளின்ர பேரும் எங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை ரெண்டு நாள் வகுப்புக்கு வராட்டி விடுதியில போய்க் கேப்பம்."

முதல் வருடத்தில் ஆங்கிலம் தனியாகச் சொல்லிக் கொடுப்பார்களாம். பட்டறை இருக்கிறதாம், மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க ஆய்வுகூடம் இருக்கிறதாம். பெண் பிள்ளைகளின் விடுதி வளாகத்துக்குள்ளேயே. ஜீவராணி எழுந்து நின்றாள்.

"சேர், கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. புதுப் புள்ளைங்கள ராகிங் பண்ணுவாங்களாமே?"

"நீங்க பயப்பிடுறது சரிதான் அம்மா. எங்களிட்ட அது இல்லாமப் பாக்கிறம். எண்டாலும் இந்தப் பிள்ளையையே கேளுங்கோ."

"நான் போன அன்னைக்கு அழுதேங்க," என்றாள் ஷாமிலா. "ராகிங்னால இல்ல. வீட்டு நெனப்புல."

கூட்டம் சிரித்தது. ஜீவராணி சிரிக்கவில்லை. பிள்ளை அழுதிருக்கிறாள்; வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் அகப்பட்டது. பக்கத்தில் பார்த்தால், ஜெயந்தினியை நாற்காலியில் காணவில்லை. மேசை மேலிருந்த ஒரு கருவியை எட்டிப் பார்க்க முன்வரிசைக்குப் போய்விட்டிருந்தாள்.

அது மாணவர்களே செய்த மழைமானி. மேலே புனல், கீழே ஒரு பெட்டி, பெட்டிக்குள் சங்கு. ஷாமிலா நடுவில் வந்து நின்றாள். "இதுல தண்ணி ஊத்துனா சத்தம் வருங்க. பயப்படாதீங்க, செஞ்சு காட்டத்தான்," என்று முன்கூட்டியே சொன்னாள். ஜீவராணி அதைக் காதால் கேட்டாள். தலையைக்கூட ஆட்டினாள். ஷாமிலா குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, விளக்கம் சொல்ல ஜீவராணி இருந்த இரண்டாம் வரிசை வரைக்கும் வந்தாள்.

சங்கு ஊதியது.

கோயில் கூரைச் சங்கின் அதே குரல். செய்து காட்டத்தான் என்று ஜீவராணிக்குத் தெரியும். தெரிந்து என்ன, காலுக்குத் தெரிய வேண்டாமா? வாய் தானாகத் திறந்தது.

"மண்ணு வருது! ஓடுங்க!"

பக்கத்தில் இருந்த கையைப் பற்றினாள், ஓடினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது ஒருத்தருக்குச் சொன்னது. இங்கே மண்டபம் முழுக்க அரண்டவர்கள். நாற்காலிகள் உருண்டன. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வாசலால் பிதுங்கினார்கள். அதிபர் ஓடினார். குகநேசன் முதலில், "ஒண்டுமில்லை, இருங்கோ, இருங்கோ" என்றார். யாரோ ஒரு தாய் அவர் கையையும் பிடித்து இழுக்க, அவரும் ஓடினார். பொறியியல் படித்தவர் ஓட்டத்தில் ஒன்றும் குறைந்தவர் இல்லை.

வெளியே அதைவிட மோசம். பாடசாலைச் சங்கைக் கேட்ட மலை, கோயில் சங்கென்றே நினைத்துவிட்டது. கொழுந்துக் கூடைகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் தேயிலைக்குள் புகுந்து ஓடி வந்தார்கள். பிள்ளைக் காம்பராவில் இருந்த கைக்குழந்தைகளை ஆயாமார் இடுப்பிலும் தோளிலும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சங்கு நிற்கவே இல்லை.

மைதானத்தில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் ஜீவராணி தன் கையைப் பார்த்தாள். அவள் பிடித்திருந்தது ஷாமிலாவை.

"அக்கா, விடுங்கக்கா," என்று அந்தப் பிள்ளை கெஞ்சிக்கொண்டிருந்தாள். "நான் போயி நிப்பாட்டணும். சுவிட்ச் எங்கன்னு எனக்குத்தான் தெரியும். அது சும்மாக்கா!"

சும்மா என்ற சொல் ஜீவராணிக்குள் இறங்கவில்லை. அவள் முகங்களைத் தேடினாள். சிவசாமி நிற்கிறார். கணேசமூர்த்தி நிற்கிறார். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள். ஜெயந்தினி இல்லை.

"எம்புள்ளைய யாரு புடிச்சிருக்கீங்க? ஜெயந்தினிய யாரு புடிச்சீங்க?"

ஒருவரும் பிடித்திருக்கவில்லை.

ஜீவராணி திரும்பி ஓடினாள். "தங்கச்சி, திரும்பக் கூடாது!" என்று சிவசாமி கத்தியது கேட்டது. எதிரே வந்த கூட்டத்தை முட்டித் தள்ளினாள். செருப்பு ஒன்று எங்கேயோ போனது. பாடசாலைக்குப் பின்னால் மலை பனிக்குள் மறைந்திருந்தது. அது நின்ற இடத்தில்தான் நிற்கிறதா, புறப்பட்டுவிட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தன் மேல்தான் வருகிறது என்றே நினைத்தாள். நினைத்தும் அதை நோக்கித்தான் ஓடினாள். அப்படியொரு பயத்தை அவள் வீரம்மாவைத் தோண்டிய அன்றுகூட அனுபவித்ததில்லை.

அவள் படியேறும்போது சங்கு நின்றது. உள்ளே ஜெயந்தினி மட்டும் மேசையருகே குனிந்து, கழற்றிய மின்கலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சுவிட்ச் எங்கன்னு தெரியலம்மா. அதான் இதைப் புடுங்கிட்டேன்," என்றாள்.

ஜீவராணி அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டாள். மகளின் காதருகில் தாயின் பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

கூட்டம் ஒருவழியாகத் திரும்பி வந்தது. குகநேசன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். தோட்டத்தில் ஏற்கெனவே சங்கு இருப்பது தனக்குத் தெரியாது என்றார். அதிபர் தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், சொல்லத் தோன்றவில்லை. சிவசாமி இரண்டு வார்த்தை கடுமையாகவே சொன்னார். பிறகு யாரோ சிரிக்க, யாரோ அழ, தேத்தண்ணீர் வந்தது. திரையில் பெண்கள் விடுதியின் படம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

ஜீவராணி அந்தப் படத்தைப் பார்த்தாள். முதன்முறையாக, காரணம் தேடாமல் பார்த்தாள்.

"சேர், இந்தக் கட்டடத்துக்குப் பின்னால என்ன இருக்கு?"

"பின்னால வயல் அம்மா. அங்கால ஒரு குளம்."

"மேல?"

அவருக்கு விளங்கவில்லை. ஷாமிலாவுக்கு விளங்கியது. "மேல ஒன்னும் இல்லக்கா. மலையே கெடையாது. எந்தப் பக்கம் பாத்தாலும் தரைதான்."

"மழை பேஞ்சா?"

"குளம் நெறையும். நாங்க தூங்குவோம்."

ஜீவராணி மகளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பனி கொஞ்சம் விலகி, மலை தெரிந்தது. நகரவில்லை.

"நீ அங்கயே போயிப் படி," என்றாள்.

இத்தனை நாள் ஒற்றைக்காலில் நின்ற ஜெயந்தினிக்கு இப்போது முகம் வெளுத்தது. சங்குக்கு அசையாத பிள்ளைக்கு உதடு கோணியது. "அப்ப நீங்க? இந்த லயத்துல தனியாவா? நான் போகலம்மா. டீச்சராவே ஆகுறேன். பக்கத்துலயே இருக்கேன்."

"பக்கத்துலதான் வேணாங்கிறேன்."

"ஏம்மா?"

"இன்னைக்கு என்ன செஞ்சேன், பாத்தியா? எல்லாருக்கும் முன்னாடி மைதானத்துக்குப் போயிட்டேன். தப்பிச்சவ. நீ இல்லன்னதும் திரும்பிட்டேன். தலைவரு கத்துறாரு, எங்காதுல ஏறல. நெசமா மண்ணு வந்தாலும் அதத்தான் செய்வேன். வீரம்மாவ நான் எவ்வளவு திட்டியிருக்கேன், புத்தியில்லாம ஏன் திரும்புனான்னு." அவள் மூச்சை இழுத்தாள். "நீ இங்க இருந்தா நான் திரும்புவேன்டி. நீ அங்க இருந்தாத்தான் ஓடுவேன்."

ஜெயந்தினி அழுதாள். போகமாட்டேன் என்று மட்டும் அதன் பிறகு சொல்லவில்லை.