ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

வீடு வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று என் கணவரைக் கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார். முத்துக்குமார் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு போல்ட்டைக்கூட நான்கு பக்கமும் அளக்காமல் வெளியே விடமாட்டாராம். அந்தப் பெருமையோடுதான் பேரிகை ரோட்டில் அந்த வீட்டுக்குள் கால் வைத்தார்.

தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். சாவியால் டைல்ஸைத் தட்டித் தட்டி, டொக்கென்று கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். திருநெல்வேலியிலிருந்து அவருடைய மாமா வீடியோ காலில் வாஸ்து சொல்ல, இவர் என் செல்லில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு சமையலறைக்கும் கக்கூஸுக்கும் நடந்தார். எல்லாவற்றையும் ஒரு தாளில் டிக் அடித்தார். நான்கு தடவை போனோம். நான்கும் ஞாயிற்றுக்கிழமை. வேலை நாளில் லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான், பகல் தூக்கம். செல்போன் கம்பெனியில் எனக்கு நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால், மகள் பள்ளியிலிருந்து வரும் நான்கு மணிவரை தூங்க வேண்டும். தூங்காமல் லைனில் நின்றால் பாகங்களை மாற்றிப் பொருத்திவிடுவேன். போன மாதம் ஒரு ட்ரே முழுக்கக் கெடுத்து, எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன். இன்னொரு தடவை என்றால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

ஒரு புதன்கிழமை கம்பெனி பஸ்ஸிலிருந்து வழியில் இறங்கி, டீ குடித்துவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். தெருமுனை திரும்பும்போதே கிரீச்சென்ற சத்தத்தில் பல் கூசியது. வீட்டின் பின்சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையைக் குடோன் என்று புரோக்கர் சொல்லியிருந்தான். அது கிரானைட் பட்டறை. உள்ளே ரம்பம் கல்லை அறுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு சரோஜம்மாள் என் காதருகே வந்து கத்தினார்.

"காலைல எட்டுக்குப் போட்டா சாயந்திரம் ஆறுக்குத்தாம்மா நிறுத்துவாங்க. ஞாயித்துக்கெழம மட்டும் லீவு."

அன்று மாலையே இவரிடம் சொன்னேன்.

"நாலு வாட்டி போயிருக்கேன், ஒரு சத்தமும் கேக்கலையே. நீ தூக்கக் கலக்கத்துல என்னத்தையோ கேட்டுட்டு வந்திருக்க."

"ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து கேளுங்க."

"சரி, நானே போய் செக் பண்ணுதேன்."

போனார். ஞாயிற்றுக்கிழமை. திரும்பி வந்து, தாளின் அடியில் 'சத்தம் – இல்லை' என்று எழுதி டிக் அடித்து என்னிடம் நீட்டினார். இந்த மூளைக்கும் ஒரு கம்பெனி சம்பளம் கொடுக்கிறது.

பத்திரப் பதிவுக்கு மட்டும் வளர்பிறை முகூர்த்தம் பார்த்து வெள்ளிக்கிழமை லீவு போட்டார். அதற்குப் போனஸ் போகலாமாம். வங்கிக் கடனுக்கு என் சம்பளமும் சேர வேண்டியிருந்ததால் நானும் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் சண்டை வேண்டாம் என்று பயந்து போட்டது. அவரை இவ்வளவு ஏளனம் செய்கிற நான் இதைச் சொல்ல வெட்கப்படுகிறேன்.

பால் காய்ச்சியதும் ஞாயிற்றுக்கிழமைதான். ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், "எம்புட்டு அமைதியா இருக்கு!" என்று மெச்சினார்கள். மாமியார் பேச்சியம்மாள் மகனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். இவரும் பெரிய சாதனை செய்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை இரவுதான் சாமான்களை இறக்கிக் குடியேறினோம். செவ்வாய்க்கிழமை காலை நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தேன். இவர் ஏழரைக்கே கிளம்பிப் போய்விட்டார். எட்டு மணிக்கு ரம்பம் தொடங்கியது. காதில் பஞ்சு வைத்தேன், தலையணையைத் தலைமேல் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடவே முடியவில்லை. பதினொன்றரைக்கு, தன் சாப்பாட்டு நேரத்தில், இவர் போன் செய்தார்.

"என்ன, புது வீட்ல நல்லாத் தூங்குனியா?"

நான் போனைப் பின்சுவர்ப் பக்கம் நீட்டினேன்.

"ஏட்டி, என்ன இம்புட்டு இரைச்சல்? எங்க நிக்க? இந்நேரம் வீட்ல படுக்காம ரோட்டுல என்ன வேல?"

"கதவு, சன்னல் எல்லாத்தையும் அடைச்சுட்டு, ஒங்க வீட்டுக்குள்ளதான் படுத்துக் கெடக்கேன்," என்றேன்.