இடது ஓரத்துச் சங்கிலி

முந்தின நாள் டோல்கேட்டின் தடுப்புக்கட்டை தேவிப்பிரியாவின் தலையில் விழுந்தது. ஹெல்மெட் பிளந்தது, தலை தப்பியது. தடுமாறி வலப்பக்கம் சாய்ந்திருந்தால் லாரிச் சக்கரம்தான். அம்மா பானுமதிக்கு அன்று சோறே இறங்கவில்லை. கல்லூரிக்கு அந்தப் பெண் தினமும் அந்த வழியாகத்தான் மொபெட்டில் போயாக வேண்டும்.

இரு சக்கர வண்டிகளுக்கென்று இடது ஓரத்தில் தனிப் பாதை இருக்கத்தான் இருக்கிறது. பலகையில் படமெல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள். என்ன புண்ணியம்? வாயில் சங்கிலி, உள்ளே நிழலில் மேலாளர் அருள்குமாரின் கார். ஊர் வண்டிகளெல்லாம் லாரிப் பாதைக்குள் நுழைந்து, லாரிக்குத் தூக்கிய கட்டை இறங்குவதற்குள் ஓரமாகத் தப்பி ஓட வேண்டும்.

இன்று பானுமதி ஓடவில்லை. பால்கேன் முன்னால், மகள் பின்னால், லாரிப் பாதையின் நட்டநடுவில் மொபெட்டை நிறுத்தினாள். முன்னால் போன லாரிக்குப் பின் கட்டை இறங்கியது. ஃபாஸ்டேக் ஒட்டாத மொபெட்டுக்கு அது எங்கே தூக்கப்போகிறது?

பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. காவலாளி மாதேஷ் ஓடி வந்தான்.

"அக்கா, ஓரமா பூந்து போயிடுங்க."

"ஓரமா போனப்பத்தான் நேத்து எம்பொண்ணு தலையில வுழுந்துச்சு. எங்க பாதைய தொறக்கச் சொல்லு."

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க. மானம் போவுது," என்று தேவிப்பிரியா முந்தானையை இழுத்தாள்.

"உசுரு போறதுக்கு மானம் போனா பரவால்ல. சும்மா இரு."

லாரி டிரைவர் ஒருவர் சண்டைக்கு இறங்கி வந்தார். பானுமதி கைப்பிடியில் தொங்கிய உடைந்த ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், லாரிக்குப் போய் எஞ்சினை அணைத்தார்.

அருள்குமார் வந்தார். கட்டையைக் கையால் தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். பானுமதி நகரவில்லை.

"அதான் தூக்கியாச்சில்லம்மா, கெளம்புங்க."

"இன்னிக்குத் தூக்கிட்டீங்க சார். நாளைக்கு இவ தனியா வருவா, அப்ப யாரு தூக்குவாங்க?"

"போலீசைக் கூப்பிடுவேன்."

"நல்லா கூப்பிடுங்க. உங்க கார் எங்க நிக்குதுன்னு அவங்களும் பாக்கட்டும்."

அதற்குள் பின்னால் பத்துப் பதினைந்து மொபெட்டும் பைக்கும் சேர்ந்துவிட்டன. ஒருவரும் ஓரமாக நுழையவில்லை. அருள்குமாருக்கு முகம் சிவந்தது. போனை எடுத்தார், வைத்தார்; கடைசியில் கார் சாவியை எடுத்தார்.

கார் வெளியே வந்தது. மாதேஷ் சங்கிலியைக் கழற்றிக் கீழே போட்டான்.

பானுமதி மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பாதையின் வாயில் நிறுத்தி, "நீ ஓட்டு," என்று மகளிடம் கொடுத்தாள். கீழே கிடந்த சங்கிலியைச் சுருட்டித் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"ஏம்மா, அது டோல்கேட்டுச் சொத்து," என்றார் அருள்குமார்.

"வேணும்னா எங்க வூட்டுக்கு வாங்க சார். எருமைய கட்டியிருப்பேன், அவுத்துத் தர்றேன்."

தேவிப்பிரியா வண்டியை முறுக்கினாள்.