கூடத்தின் நடுவே கிடந்த வலை

நாகப்பட்டினத்தில் எங்கள் சமுதாயக்கூடத்து வாசலில் டி.வி. பெண் மைக்கை நீட்டி, "அக்கா, கொஞ்சம் அழுங்க" என்றாள். என் வீட்டுக்காரர் வெற்றிச்செல்வன் எல்லை தாண்டியதாக யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறார். படகும் அங்கேதான். அழுது முடித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

யாழ்ப்பாணத்து மீனவர்கள் சிலர் பேச்சுவார்த்தைக்கு வந்திருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டே கரைவேட்டிக்காரர் ஒருவர், தீவை மீட்போம், பாடம் புகட்டுவோம் என்று முழங்கினார். அவர் வீட்டில் கடலுக்குப் போனவர் யாரும் கிடையாது.

பஞ்சாயத்துத் தலைவர் சிங்காரவேலு அப்படிப்பட்டவர் இல்லை. அடுத்த வாரம் வழக்கு வருகிறது, அதுவரை எதையும் ஒத்துக்கொள்ளக் கூடாது, வக்கீலும் அதைத்தான் சொல்கிறார் என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். சரியான பேச்சு. நானும் தலையாட்டியிருந்தேன்.

கரைவேட்டிக்காரர் பேசி முடித்ததும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர் ஒரு சாக்கை அவிழ்த்து, நார்நாராய்க் கிழிந்த வலையைக் கூடத்தின் நடுவே கொட்டினார். "இதுதான் என்ர பிழைப்பு" என்றார். அதில் ஒரு மஞ்சள் மிதவை சிக்கியிருந்தது. மிதவையில் 'கமலவல்லி' என்று எழுதியிருந்தது. எங்கள் படகின் பெயர், என் பெயர். நானே பெயின்ட் தொட்டு எழுதியது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் படகு இன்னொருவன் வலையை அறுத்துவிட்டால், அறுந்த வலையைக் கூட்டத்தின் நடுவே போடுவார்கள். அறுத்தவன் எழுந்து அதை எடுத்துக்கொண்டால், புது வலை கட்டிக் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். எடுக்காதவனோடு யாரும் கடலில் பேச மாட்டார்கள். வந்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எங்களுக்குத் தெரியும். ஒருவரும் வலையைப் பார்க்கவில்லை. எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்து போய் வலையை வாரினேன். தலைவர் பதறிவிட்டார்.

"கமலவல்லி, கீழ வை. புருஷன் உள்ள இருக்கும்போது எடுக்கிற வலையா இது?"

"உள்ள இருக்கறதாலதான் எடுக்கிறேன், தலைவரே. நேவிக்காரங்க இன்னிக்கு ஒருத்தர், நாளைக்கு ஒருத்தர். கடல்ல காலத்துக்கும் நம்ம பக்கத்துல நிக்கப்போறவங்க இவங்கதான். நம்ம ஊருக்குள்ள ஒரு ஞாயம், அக்கரைக்கு ஒரு ஞாயமா?"

வழக்கு கெட்டுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். கெடலாம். என் வீட்டுக்காரர் வருவது தள்ளிப்போனால் ஊர் என்னைத்தான் சொல்லும், ஒருவேளை அவரும் சொல்வார். ஆனாலும் வலையைக் கீழே வைக்கவில்லை.

வலைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, தரையில் இழுபட்ட மறுமுனையைத் தூக்கிக்கொண்டார். இருவருமாகச் சுமந்து வெளியே வந்தோம்.

வாசலில் காமிரா காத்திருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன்.