உருட்டு அறையின் கூரையில் ஒரு கால்

கிருத்திகா வாரத்துக்கு ஆறு நாள் பாலக்காட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் மற்றவர்களுடைய கண்ணைப் பரிசோதிப்பவள். ஏழாவது நாள் தன் கண்ணுக்கு வேலை கொடுப்பாள். மூடிக் கிடக்கும் ஆலைகளைத் தேடிப் போய்ப் படம் எடுப்பதில் அவளுக்கு அப்படி ஒரு கிறுக்கு. முதலமடைப் பக்கம் ஆலமரம் ஒன்று கூரையைப் பிளந்துகொண்டு எழுந்துவிட்ட மாம்பழச்சாறு ஆலைக்கு மட்டும் நான்கு தடவை போயிருக்கிறாள். நான்காவது தடவை குளவி கொட்டியது. கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் அவள் அம்மா, "ஏங் கண்ணு, அவங்கவங்க பூவு, அருவின்னு எடுக்கறாங்க. நீ இடிஞ்ச செவுத்தையே போயி எடுத்துட்டு வர்றயே" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

அந்தப் படங்களில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். ஆள் வந்துவிட்டால் சுவர் வெறும் பின்னணி ஆகிவிடும் என்பது அவள் கட்சி.

தேவிகுளத்துக்கு மேலே பதினொரு வருஷமாக மூடிக் கிடக்கும் தேயிலை ஃபேக்டரி ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கம்பெனிக்கு எழுதி, மூன்று மாதம் விடாமல் நச்சரித்து அனுமதிக் கடிதம் வாங்கினாள். சனிக்கிழமை உடுமலைப்பேட்டை வழியாக பஸ் பிடித்து, மூணாறில் தங்கி, ஞாயிறு காலை ஜீப்பில் போய் ஃபேக்டரி கேட் முன்னால் இறங்கினாள்.

கேட்டில் இருந்த வாச்சர் ஒரு பெண். சிசிலி என்று பெயர். நாற்பது வயது இருக்கும். தலையில் கம்பளித் தொப்பி, காலில் கான்வாஸ் ஷூ. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்லா மேடம். நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கு எனக்கு வேலைங்கக்கா. அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கறனுங்க. ரெண்டே மணி நேரந்தானுங்க."

சிசிலி கேட்டையும் பார்த்தாள், ஃபேக்டரியையும் பார்த்தாள். "சரி, மேல் மாடிய மட்டும் பாருங்க. கொழுந்து வாட்டுற எடம் அது. வெளிப்படி வழியா ஏறிக்கிடலாம். கீழ உருட்டு ரூம் பக்கம் மட்டும் போகாதீங்க. பூட்டிக் கெடக்கு. பாம்பு வேற."

"சரிங்க."

"இன்னொண்ணு. பலகைத் தளம். ஆணி அடிச்ச வரிசை மேலயே நடங்க, அதுக்கு அடியிலதான் உத்திரம் போகுது. நடுவுல கால் வச்சா போச்சு."

கிருத்திகா ஆணி வரிசை மேல் கோழி மாதிரி நடந்து உள்ளே போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். நூறடி நீளத்துக்குப் பலகைத் தளம். கொழுந்து பரப்பும் தட்டுகள் வரிசையாகச் சரிந்து கிடந்தன. உடைந்த ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த ஜன்னல் வழியே போய்க்கொண்டிருந்தது. குட்டையான முக்காலியில் கேமராவைப் பொருத்தி, மூன்று விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வைத்தாள். வெளிச்சம் தளத்தின் மேல் நகர்வதைப் பிடிக்க அதுதான் வழி.

அரை மணி நேரம் சென்றிருக்கும். அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டப். கொஞ்சம் இடைவெளி. டப். டப். தகரம் காற்றில் அடிக்கிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு யாரோ அடக்கிச் சிரிப்பது கேட்டது. பாம்பு சிரிக்காதே என்று தோன்றியது. ஒரு பலகை இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. கேமராவையும் கையோடு தூக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கப் போனாள். ஆணி வரிசை மறந்துபோயிற்று.

பலகை அப்பளம் மாதிரி நொறுங்கியது. வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போயிற்று. கேமரா கை நழுவி, முக்காலியோடு அதே ஓட்டை வழியாகக் கீழே போனது.

கீழேயிருந்து ஒரு அலறல்.

"ஏ யாத்தே! சிசிலி, கூரையில இருந்து காலு தொங்குதுடி!"

"சாகலையே? சாகலையே?" என்றது இன்னொரு குரல்.

"இரு, பாக்கேன்." உள்ளங்காலில் ஏதோ கட்டை குத்தியது. ஷூ எப்போதோ கழன்று விழுந்திருந்தது. கிருத்திகா வீலென்று கத்தினாள். "உசுரு இருக்கு!" என்று கீழிருந்து சந்தோஷமாகப் பதில் வந்தது.

சிசிலி வெளிப்படியில் தடதடவென்று ஏறி வந்தாள். அவள் கையில் ஷட்டில் மட்டை இருந்தது. அதைத் தூர எறிந்துவிட்டு, ஆணி வரிசை மேல் குப்புறப் படுத்து, கிருத்திகாவின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்தாள். கீழே மூன்று பெண்கள் பழைய டீப் பெட்டிகளை அடுக்கி ஏறி நின்று காலை மேலே தள்ளினார்கள். "ஏலேலோ ஐலசா" என்று ஒருத்தி பாட்டு வேறு. நாலாவது இழுப்பில் கிருத்திகா வெளியே வந்தாள். தொடையில் சிராய்ப்பு, பேன்ட் கிழிசல். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மெல்ல அடிங்கன்னு இவளுககிட்ட சொல்லிட்டுத்தான் நானும் எறங்குனேன்" என்றாள் சிசிலி, மூச்சு வாங்க.

கீழே போனபோதுதான் கிருத்திகாவுக்கு விஷயம் புரிந்தது. இலை உருட்டும் இயந்திரங்களை எல்லாம் என்றோ லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சிய சிமென்ட் தளத்தில் வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டிருந்தது. கொழுந்து மூட்டை கட்டும் வலைகளை ஒட்டித் தைத்து நடுவில் கட்டியிருந்தார்கள். எஸ்டேட் லயத்து வீடுகளில் குடியிருக்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டில் ஆடும் இடம் அது.

"வெளிய ஆடுனா காத்து பந்தைப் பள்ளத்துக்குக் கொண்டு போயிரும். கிரவுண்டு ஆம்பளைகளுக்கு" என்றாள் உள்ளங்காலைக் குத்திய ராசம்மாள். பிள்ளைகள் காப்பகத்தில் ஆயாவாக இருப்பவள். "அதான் இங்க. ஏழு வருசமா ஆடுதோம்."

கேமரா, பெண்கள் கழற்றிப் போட்டிருந்த ஸ்வெட்டர் குவியலில் மல்லாந்து விழுந்து, ஒன்றுமே நடக்காதது போல மூன்று விநாடிக்கு ஒருதரம் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. கிருத்திகா அதை நிறுத்திவிட்டுத் திரையில் படங்களைப் பின்னோக்கி ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

பிளந்த கூரையிலிருந்து ஒற்றைக் கால். அந்த ஓட்டை வழியாக இறங்கும் வெளிச்சத்தில் தூசி மினுங்குகிறது. கீழே நான்கு பெண்கள், ஓங்கிய மட்டை ஓங்கியபடி, வாய் பிளந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அமைந்த படங்களிலேயே இதுதான் சிறந்தது. எடுத்தது அவள் இல்லை.

பெண்கள் அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிசிலி மட்டும் சிரிப்பை நடுவில் நிறுத்தினாள்.

"இத எங்கயும் போட்டுராத பிள்ள." மேடம் போய் பிள்ள வந்துவிட்டது. "கம்பெனிக்காரன் பாத்தா எடத்தை நிசமாவே பூட்டிருவான். எனக்கும் வேலை இருக்காது."

"பேப்பர்ல வந்தா வரட்டுமே" என்றாள் ராசம்மாள்.

"ஒனக்கென்ன, சொல்லுவ."

கிருத்திகா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாலக்காட்டில் ஜோஜோ நடத்தும் கண்காட்சிக்கு இன்னும் மூன்றே வாரம். வாசலில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று அவன் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனாலும், "போடலீங்கக்கா. சத்தியமா" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, திரும்பும் பஸ்ஸில் மறையூர் வருவதற்குள் அந்தப் படத்தைப் போனில் ஏற்றி இருபது தடவை பார்த்துவிட்டாள். ஜோஜோவுக்கு அனுப்பக்கூட ஒரு முறை விரல் போயிற்று. சீ என்று போனைப் பையில் போட்டாள். வீட்டில் மிச்சப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, விழுந்தவுடன் எடுத்த முதல் படம் கிடைத்தது. அதில் பெண்கள் இன்னும் ஓடி வந்திருக்கவில்லை. காலும் ஓட்டையும் மட்டும், பக்கத்தில் அந்தரத்தில் ஒரு வெள்ளை ஷட்டில் பந்து. அதை சிசிலிக்கு அனுப்பி, "இது பரவாயில்லீங்களா?" என்று கேட்டாள்.

குரல் செய்தி வந்தது. "அது ஒன் காலுதான பிள்ள? என்கிட்ட ஏன் கேக்க?"

அந்தப் படம் கண்காட்சி வாசலில் தொங்கியது. ஜோஜோ, "சேச்சி, இந்த ஷட்டில் எவிடுன்னு வந்நு?" என்று துருவினான். காற்றில் வந்தது என்று சொல்லிவைத்தாள். ஒருவர் அந்தக் கால் உழைப்பின் வீழ்ச்சி என்றார். இன்னொருவர் பொம்மைக் கால் என்று பந்தயம் கட்டினார். கல்பாத்தியிலிருந்து வந்த துரைசுவாமி என்ற பெரியவர் மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்தக் காலுக்கு ரொம்ப அடி பட்டுடுத்தோ?" என்று கேட்டார். அவரிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"சிராய்ப்புதானுங்க. ஆறிப்போச்சுங்க."

அவர் குனிந்து அவள் காலைப் பார்த்து, பிறகு படத்தைப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார்.

நான்கு பெண்களும் இருக்கும் படத்தைப் பெரிதாக அச்சடித்து, அடுத்த மாதம் கிருத்திகாவே தேவிகுளத்துக்குக் கொண்டுபோனாள். சிசிலி அதை வீட்டுக்குள், அடுப்படிப் பக்கமாக, வெளி ஆள் கண்ணில் படாத இடத்தில் மாட்டினாள். ஒரு பெண்ணுக்கு அன்று காய்ச்சல். ஆள் குறைகிறது என்று கிருத்திகா கையில் மட்டையைக் கொடுத்துவிட்டார்கள். சிசிலியும் அவளும் ஒரு பக்கம். இருபத்தொன்றுக்கு ஐந்து என்று தோற்றார்கள், அந்த ஐந்தும் சிசிலி எடுத்தது.