வேலி ஏறிய அரசாணிக் கொடி

சண்டை போடுவதில் எங்கள் மலையூர் வாழவந்தியில் எனக்கு நிகர் யாருமில்லை. எண்பத்து நாலாம் வருடம் மாசி மாதம் அந்தத் திறமையைக் குப்பாயக்காவிடம் காட்டினேன். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு மேலே, சரிவில். அங்கே குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் உண்ணிச்செடி வேலிக்கு அடியில் புகுந்து எங்கள் புழக்கடைக்கு வந்துவிடும். சேறாகிறது என்று ஒரு நாள் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் மண்வெட்டியை எடுத்து, தண்ணீரை வேலிக்கு அந்தப் பக்கமே ஓடும்படி திருப்பிவிட்டார்.

ஜெயித்த சந்தோஷம் பத்து நாள்தான். மார்கழியில் நான் நட்ட பீன்ஸும் தக்காளியும் தலை தொங்கின. குழாயில் வருகிற தண்ணீர் சமையலுக்கே சரியாக இருந்தது. இத்தனை நாளும் என் தோட்டத்தை வளர்த்தது அந்தச் சேற்றுத் தண்ணீர்தான் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. போய்க் கேட்க வெட்கமாக இருந்தது.

ஈஸ்டருக்கு நாத்தனார் இன்பமேரி சேலத்திலிருந்து வருகிறார். மலையில் உட்கார்ந்துகொண்டு சந்தையில் காய் வாங்குகிறாயே என்று போன வருடம் சிரித்தவர். இந்த முறை என் தோட்டத்துக் காயில்தான் விருந்து என்று கடிதத்தில் பீற்றிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் உனக்குத் தேவையா என்று கேட்டுவிட்டு, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார்.

பெரிய வெள்ளிக்குள் பீன்ஸ் சருகாகிவிட்டது. கூடவே விதை போட்ட அரசாணிக் கொடியும், பரங்கிக் கொடிதான், அடியில் இலை பழுத்துப்போய், நுனி மட்டும் வேலி ஏறி மேலே எங்கோ போயிருந்தது. மறுநாள் காலை வெட்கத்தை விட்டுவிட்டு மேலே போனேன். குப்பாயக்கா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் பேசுனது தப்புங்க. அந்தத் தண்ணிய மறுபடியும் எங்க பக்கமே விடுங்க."

அவர் முறத்தை வைத்துவிட்டு என்னை வேலியோரம் கூட்டிப் போனார். புது வாய்க்கால் ஓரமாக என் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பச்சைப்பசேலென்று படர்ந்திருந்தது. நடுவே, மண் படாதபடி வைக்கோல் மேல், குடத்தளவு அரசாணிக்காய் ஒன்று.

"நீங்க தண்ணி வேண்டாம்னுட்டீங்க. உங்க கொடி வந்து கேட்டுச்சு, குடுத்தேனுங்க," என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்றே இருவரும் வாய்க்காலை இரண்டாகப் பிரித்து வெட்டினோம்.

ஈஸ்டர் பந்தியில் குப்பாயக்காவை முதலில் உட்காரவைத்தேன். அரசாணிப் பொரியல் நொம்ப ருசி, உன் தோட்டத்துக் காயா என்று நாத்தனார் கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் நீட்டி முழக்கியிருப்பேன்.

"அக்கா ஊட்டுக் காய்ங்க. விதை மட்டும் என்னுது," என்று சொல்லிவிட்டு, குப்பாயக்கா இலையில் இன்னொரு கரண்டி வைத்தேன்.