கமா இல்லாத பத்து

மூத்தார் கேட்கத்தான் போகிறார். அதற்குள் பெட்டியை மூடிவிட்டால்? மூடிவிட்டு, கரண்டு கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் துருவ மாட்டார்கள். இருபது வருஷமாக இந்த வீட்டில் எத்தனையோ சொல்லாமல் விட்டாயிற்று. இதையும் விட்டால் என்ன குறைந்துவிடும்?

ஜிபாரின் மனம் இப்படி ஓடிக்கொண்டிருக்க, கை மட்டும் பெட்டியை மூடவில்லை. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை இன்னொரு முறை அந்தப் பச்சை சர்க்யூட் தகட்டின் மேல் கொண்டுபோனாள். கொத்துமல்லி விதை அளவில் ஒரு மஞ்சள் மணி. கண்டென்சர். அதன் மேல் எறும்பு எழுத்தில் 100.

நூறு என்று படிக்கக் கூடாது அதை. முதல் இரண்டு இலக்கம்தான் எண். மூன்றாவது, பின்னால் எத்தனை பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்பது. பத்து, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. பத்து பிக்கோ. அந்த இடத்தில் இருக்க வேண்டிய மணியில் 106 என்று இருக்கும்: பத்துக்குப் பின்னால் ஆறு பூஜ்யம், ஒரு கோடி பிக்கோ. அதைத்தான் பத்து மைக்ரோ என்பார்கள். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு.

அந்த மணிக்கு வேலை பெரிதாக ஒன்றுமில்லை. குஞ்சு பொரிக்கும் பெட்டியின் சூட்டை அளந்து சொல்லும் கம்பியில், வெளியிலிருந்து வரும் நடுக்கத்தை வாங்கித் தன்னுள் அடக்கிக்கொள்ள வேண்டும். மோட்டார் ஓடினாலும் வெல்டிங் நடந்தாலும் அந்தக் கம்பி பதறக் கூடாது. பத்து பிக்கோ அதற்கு எந்த மூலைக்கு? ஆற்று வெள்ளத்துக்கு முன்னால் ஒரு கூழாங்கல்லை வைத்த மாதிரி. பெட்டி பதறிப்போய், குளிர்கிறது என்று தப்புக் கணக்குப் போட்டு, சூட்டை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

முட்டைக்காரி நூர்பூபு காலையிலேயே கெகெத்தி கிராமத்திலிருந்து மினி பஸ்ஸில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியிருந்தாள். வந்ததும் ஒரு வான்கோழி முட்டையை மேஜை மேல் தட்டி உடைத்துக் காட்டினாள். கெட்டியாக வெந்திருந்தது.

"அடுப்புல வெச்சிருந்தாக்கூட இவ்ளோ பக்குவம் வராது. உப்பும் கொண்டாந்திருக்கேன். யாருக்கு வேணும்?"

யாரும் சிரிக்கவில்லை. அவளே சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரன் புதிதாக மாவு மில் வைத்திருக்கிறானாம். அது ஓட ஆரம்பித்த நாளிலிருந்துதான் இந்தக் கூத்தாம். ஒரு வசந்தத்து முட்டை மொத்தமும் போயிற்று. இப்போது முற்றத்தில், ஆப்ரிகாட் மரத்தடி பெஞ்சில் டீயை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஜிபார் எழுந்து சுவரருகே போனாள். அங்கே பெட்டியின் மின்சுற்று வரைபடம் ஒட்டியிருந்தது. வீட்டோடு ஒட்டிய இந்தப் பட்டறையில் யாரும் அலகை எழுதுவதில்லை. சோவியத் காலத்து வழக்கம், அவளுடைய மூத்தார் ஓமுர்பெக் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து கூடவே வந்தது. தசமத்துக்கு இங்கே புள்ளி கிடையாது, கமாதான். எண்ணில் கமா இருந்தால் மைக்ரோ. இல்லாவிட்டால் பிக்கோ. 10,0 என்றால் பத்து மைக்ரோ, வெறும் 10 என்றால் பத்து பிக்கோ. தெரிந்தவர்களுக்கு அது போதும். இந்த வீடும் அப்படித்தான் என்று அவளுக்குச் சில சமயம் தோன்றும். எதற்கு எவ்வளவு கனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெரிந்திருக்க வேண்டும்.

போன இலையுதிர் காலத்தில் ஓமுர்பெக் தன் பழைய பென்சில் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். முழு எண்ணுக்குப் பின்னால் கமாவும் பூஜ்யமும் வீண் என்று அந்த இயந்திரம் தானாகவே வெட்டிவிட்டது. 10,0 போய் 10 ஆனது. அழகான தாளில் அச்சாகி வந்ததைப் பார்த்து அவர் பூரித்துப்போனார். வெட்டுப்பட்டதை அவர் பார்க்கவில்லை. ஜிபாரும் பார்க்கவில்லை. எத்தனை முறை அந்தத் தாளைக் கடந்து போயிருப்பாள்! அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் கண் தானாகவே கமாவைப் போட்டு வாசித்துக்கொண்டது.

ஒவ்வொரு பெட்டியையும் ஓட்டிப் பார்த்து அனுப்புவது அவள்தான். பட்டறை மேஜைக்குச் சுத்தமான கரண்டு வரும். அங்கே எந்தப் பெட்டியும் பதறாது.

தகட்டில் மணிகளைப் பொருத்தும் ஹவா மட்டும்தான் தாளில் இருந்ததை இருந்தபடியே வாசித்தவள். கமா இல்லை, எனவே பிக்கோ, எனவே 100 மணி. வீட்டு விதிப்படி அது சரி. சீனாவிலிருந்து வந்து குடியேறிய துங்கான் இனத்துப் பெண், சந்தையில் நூடுல்ஸ் கடையில் எடுபிடியாக இருந்தவள். எதைத் தொட்டாலும் கெட்டுப்போகும் கை என்று அவள் மாமியார் சொல்லிச் சொல்லி, தன் கையையே நம்பாமல் வந்து சேர்ந்தாள். ஒவ்வொரு மணியையும் உரக்க வாசித்துத்தான் வைப்பாள். இந்த மணியை முதன்முதலாக வைத்தபோதுகூடக் கேட்டாள்: "பெரியவரே, இவ்ளோ சின்ன எண்ணா வரும்?" ஓமுர்பெக் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "எழுதியிருக்கறத வாசி" என்று கையை வீசினார். ஜிபார் பக்கத்திலேயே இருந்தாள்.

அனுப்புவதற்காகக் காத்திருந்த புதுப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தாள். 100. இன்னொன்று. 100.

முதல் மணியைக் கண்டுபிடித்தபோது நெஞ்சில் சின்னதாக ஓர் இனிப்பு ஊறியதை அவள் கவனித்திருந்தாள். அவருடைய தப்பு. அவருடைய! ஊரார் முன்னால், "என் தம்பி பொண்டாட்டி மூடி திருகறதுல கெட்டிக்காரி" என்று சிரிப்பாரே, அவருடைய தப்பு. அந்த இனிப்பை நினைத்து இப்போது கூசினாள். முட்டைகள் வெந்துகிடக்க, எனக்குள் பழைய கணக்கு ஒன்று தித்திக்கிறதே. அப்படியானால் நான் எதைச் சொன்னாலும் அதில் விஷம் கொஞ்சம் கலந்திருக்காதா? வாயை மூடிக்கொள்வதுதான் யோக்கியமோ?

வாயை மூடிக்கொள்வது அவளுக்குப் புதிதில்லை. மூத்தாரின் பேரை மருமகள் சொல்வதில்லை. ஓமுர் என்றால் அவர்கள் மொழியில் ஆயுள். அதனால் ஆயுள் என்ற சொல்லையும் சேர்த்தே விட்டிருந்தாள். பேட்டரிக்கு ஆயுள் எவ்வளவு என்று யாராவது கேட்டால், "எத்தனை நாள் ஓடும்னா கேக்கறீங்க?" என்று மாற்றிக்கொள்வாள். ஒரு சொல் இல்லாமலும் வாழலாம், பழக்கம்தான்.

"என்ன, பிடிபட்டுதா?"

ஓமுர்பெக் கையைத் துண்டில் துடைத்தபடி உள்ளே வந்தார். ஜிபார் பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினாள். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சுவருக்குப் போய் வரைபடத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி பார்த்தார். திரும்பும்போது அவர் முகம் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவரைப் போல இருந்தது.

"எல்லாத்துலயுமா?"

"புதுப் படத்த வெச்சுப் போட்டது எல்லாத்துலயும்."

"மாவு மில்லு பக்கத்துல இல்லாட்டி ஒண்ணும் ஆகாதுல்ல?"

"கிணத்து மோட்டார் இருக்கு. பழைய ஃப்ரிட்ஜ் இருக்கு. வெல்டிங் கடை..."

"சரி சரி, சாமான் கடை மாதிரி அடுக்காத."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். வெளியே நூர்பூபு யாருடைய சேவலையோ திட்டுவது கேட்டது.

"ஜிபார், ஒண்ணு சொல்றேன், பொறுமையா கேளு. கை தப்பறது சகஜம். ஊசி குத்தறவங்களுக்குத் தப்புது, ரொட்டி சுடறவனுக்குத் தப்புது. கை தப்பிப்போச்சுன்னா ஜனங்க ரெண்டு திட்டு திட்டிட்டு மன்னிச்சிருவாங்க. படமே தப்புன்னா? இந்த மனுஷன் பொட்டி முட்டைய அவிச்சுப்புடும்னு தோக்மோக் ஊரு பூரா பேசும். அப்பறம் எவன் வீட்டுக்குள்ள விடுவான்?"

"யாரு கை, பெரியத்தான்?"

அவர் ஜன்னலோரம் காலியாக இருந்த ஹவாவின் இருக்கையைப் பார்த்தார். மதியச் சாப்பாடு வாங்க அவள் போயிருந்தாள்.

"சின்ன வயசு, எங்கியாவது பொழச்சுக்குவா. கொஞ்ச நாள் போகட்டும், நானே மறுபடி கூப்பிட்டுக்கறேன். அவளால வந்துதுன்னு இந்தம்மாகிட்ட சொல்லிப்புட்டா, இது ஒரு பொட்டியோட முடிஞ்சுது."

"மத்த பொட்டி?"

"சீசன் முடியட்டும். சர்வீஸுன்னு சொல்லி ஒவ்வொண்ணா வரவழைச்சு மாத்திப்புடலாம்."

"இப்ப அதுக்குள்ள முட்டை இருக்கு."

"எனக்குத் தெரியாதா?" என்றார். குரல் உயரவில்லை, தாழ்ந்தது. "எங்கிட்டயா சொல்ற? நாலு வருஷம் ஒக்காந்து போட்ட படம்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். இந்த மனிதர்தான் அவள் கையைப் பிடித்து மின்சாரம் கற்றுக்கொடுத்தவர். தொழிற்சாலை மூடியபோது, நண்பர்கள் எல்லாம் சந்தைக்குச் சாக்குத் தூக்கப் போக, ஒரு பென்சிலோடு உட்கார்ந்தவர். அந்தப் படத்தைத் தவிர அவரிடம் அவருடையது என்று என்ன இருக்கிறது? ஜிபாருக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததும் அந்த இனிப்பு எங்கோ போய்விட்டது. அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது.

"நான் சொன்னா ஹவா எதிர்த்து வாய் பேசுவா," என்றார். "நீ சொல்லு. நீ சொன்னா நம்பிப்புடுவா."

உண்மைதான். ஹவா நம்பிவிடுவாள். எழுதியிருந்ததைச் சரியாக வாசித்ததைக்கூட மறந்துவிட்டு, ஆமாம் அக்கா, என் கைதான் என்பாள். கெட்ட கை என்று முதலில் மாமியார் சொன்னாள். இரண்டாவதாக நான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவளே சொல்லிக்கொள்வாள். ஏதோ ஒரு கிராமத்தில், ஏதோ ஒரு சமையலறை மூலையில், இந்த மத்தியானத்திலும் பெட்டிகள் மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டிருக்கும். ஓட்டுக்குள் இருப்பதற்கு மாவு மில்லும் தெரியாது, ஓமுர்பெக்கின் மானமும் தெரியாது.

கதவு காலால் தள்ளித் திறக்கப்பட்டது. ஹவா இரண்டு கையிலும் பையோடு வந்தாள். வினிகரும் மிளகாயும் பட்டறை முழுக்க மணத்தன.

"பெரியவரே, உங்க வயித்துக்காக வினிகரக் கொறைக்கச் சொன்னேன். கடைக்காரக் கெழவி மொறைக்கறா பாருங்க! என் அஷ்லான்ஃபூ நூடுல்ஸுல கை வைக்க நீ யாருடிங்கறா. எங்க துங்கான் ஆளுங்க சாப்பாட்டுக்கு எனக்கே பாடம் எடுக்கறா."

அவள் சிரிப்புக்கு எதிர்ச்சிரிப்பு வரவில்லை. பைகளை மெல்லக் கீழே வைத்தாள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள், ஓமுர்பெக்கின் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பொட்டியா? அக்கா... நான்தானா? மணிய மாத்தி வெச்சுட்டனா?"

அவள் விரல்கள் தாமாகவே மேலங்கிப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டன.

வாசலில் நிழல் விழுந்தது. நூர்பூபு, காலிக் கிண்ணத்தோடு. "என்னதான் ஆச்சுன்னு யாராச்சும் சொல்லுங்கடியம்மா. கடைசி பஸ்ஸு எனக்காக நிக்காது."

ஓமுர்பெக் தரையைப் பார்த்தபடியே, "ஜிபார் தொறந்து பாத்துட்டா," என்றார். "அவ சொல்லுவா. சொல்லும்மா."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நெஞ்சு வழக்கமாக அடிப்பதுபோலத்தான் அடித்தது. வெளியே சேவல் கூவி ஓய்ந்தது. அனுப்புவதற்காகக் காத்திருந்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். போதும், இன்னொரு கிண்ணம் டீ வேண்டாம் என்று விருந்தில் சொல்வது போல, அவ்வளவு சாதாரணமாக, அவ்வளவு தணிந்த குரலில் சொன்னாள்:

"படத்துல இருக்கறபடி ஹவா வெச்சது சரிதான். அத மாத்திச் சொல்ல என்னால ஆகாது, பெரியத்தான்."